செருப்பு கடிக்கவும் கூடாது, அசிங்கமாவும் இருக்கக் கூடாது!



இந்தத் தடவை செருப்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "எழுத வேற விஷயமே கிடைக்கலையாடி உனக்கு?" என்றாள். கிடைத்திருக்கும். ஆனால் கடந்த ஒரு வருடமாக எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட விஷயம் செருப்புதான். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் கதை. கல்லூரி ஆண்டு விழாவுக்காக டவுனில் ஒரு கடையில் 450 ரூபாய் கொடுத்து குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று வாங்கினேன். தங்க நிறத்தில் மெல்லிய வார், நடுவில் ஒரு கல். கடைக் கண்ணாடியில் பார்த்தபோது அது என் கால் மாதிரியே இல்லை! விழா நாளன்று காலை பத்து மணிக்குச் சுண்டுவிரல் வலித்தது. பன்னிரண்டு மணிக்குக் குதிகாலில் கொப்புளம். மூன்று மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் எங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது செருப்பு கையில், கால் தரையில்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா பார்த்துவிட்டார். "ஏம்மா, செருப்பு ஒன்னத் தூக்கிட்டு வரணுமா, நீ செருப்பத் தூக்கிட்டு வரணுமா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி.

அப்படிச் சிரித்த அப்பாவே அடுத்த ஆறு மாதத்தில் செருப்பு விஷயத்தில் என்னைவிடப் பெரிய தப்பு செய்தார். நான் அழகைப் பார்த்து வசதியை விட்டேன். அவர் "இது அசிங்கமா இருக்கு" என்று சொல்லி காலையே விடப் பார்த்தார். அந்த இரண்டையும் சேர்த்து யோசித்தபோது தோன்றியதுதான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதியா, அழகா என்று கேட்பதே தப்பு. வசதியில்லாத செருப்பு காலைக் கெடுக்கும். அழகில்லாத செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடக்கும். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற செருப்பு எவ்வளவு நல்ல செருப்பாக இருந்து என்ன பயன்?

நம்ம ஊரும் செருப்பும்

பெரம்பலூர், அரியலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரி, ஜெயங்கொண்டம் ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடு. செருப்பு என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இப்போது நிலைமை மாறிவிட்டது. 2022 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டு, அங்கேயே காலணிப் பூங்காவுக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். அடுத்த வருடமே அங்கே உற்பத்தி தொடங்கியது. என்ன செருப்பு தெரியுமா? உலகம் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்த க்ராக்ஸ்! அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம் பக்கத்து மகிமைபுரத்தில் 2024 நவம்பரில் தைவானைச் சேர்ந்த டீன் ஷூஸ் நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். இரண்டுமே தோல் இல்லாத காலணி வகை.

எங்கள் தெருவிலிருந்தே அக்காமார் இரண்டு பேர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். 2007-ல் நிரந்தரமாக இரண்டாகப் பிரிந்த இந்த மாவட்டங்கள் செருப்பில் மறுபடியும் ஒன்று சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இதில் வேடிக்கை என்னவென்றால், 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தொடங்கிய க்ராக்ஸ் முதலில் படகில் போகிறவர்களுக்கான செருப்பு. தண்ணீர் பட்டால் வழுக்கக் கூடாது, காலும் நோகக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். பார்த்தவர்கள் எல்லாம் "இதைவிட அசிங்கமான செருப்பு உலகத்தில் உண்டா?" என்று கேலி செய்தார்கள். 2008-ல் கம்பெனி பெரிய நஷ்டத்தில் விழுந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? 2017-ல் பலென்சியாகா என்ற பெரிய ஃபேஷன் நிறுவனம் அதையே உயரமான அடிப்பாகம் வைத்து பாரிஸ் மேடையில் நடக்க விட்டது. இன்று கல்லூரிப் பிள்ளைகள் அந்த ஓட்டைகளில் பூ, பொம்மை எல்லாம் குத்திக்கொண்டு திரிகிறார்கள்.

நம்ம நாட்டுக் கோலாப்புரி செருப்புக்கும் இதே கதைதான். காலம் காலமாக மகாராஷ்டிர, கர்நாடகக் கைவினைஞர்கள் தைத்து வந்த செருப்பு. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் அதே மாதிரி ஒன்றை மிலன் மேடையில் காட்டியது. நம் ஆட்கள் சத்தம் போட்ட பிறகுதான் அது இந்தியச் செருப்பைப் பார்த்துச் செய்தது என்று ஒத்துக்கொண்டது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். எது அழகு என்பது செருப்பில் மட்டும் இல்லை. யார் போடுகிறார்கள், எங்கே போடுகிறார்கள், பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதில் பாதி அழகு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கதைக்கு இது தேவைப்படும்.

அப்பா காலில் ஏறிய முள்

அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை ஒழுங்காகப் போடுவார். டீயில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றுவார். காலில் எப்போதும் ரப்பர் செருப்பு, அதாவது ஹவாய் செருப்பு. தேய்ந்து தேய்ந்து குதிகால் பக்கம் காகிதம் மாதிரி ஆன பிறகும் "இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்பார்.

நம்ம பக்கம் சீமைக்கருவேல முள்ளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச் செருப்பையே குத்திக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும். தேய்ந்த செருப்பு எம்மாத்திரம்? ஒரு நாள் சோளக்கொல்லைக்குப் போய்விட்டு வந்தார். மூன்றாம் நாள் அம்மாதான் பார்த்தார். "என்னங்க, காலு இப்படி வீங்கிக் கிடக்கு?" செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒடிந்த முள். அதன் மறுபாதி அப்பா காலுக்குள்.

மூன்று நாள்! அந்த முள்ளோடுதான் நடந்திருக்கிறார், சைக்கிள் மிதித்திருக்கிறார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியிருக்கிறார். வலிக்கவே இல்லையாம். சர்க்கரை பல வருடம் இருந்தால் காலில் உள்ள நரம்புகள் மெல்ல மெல்ல உணர்ச்சியை இழக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. வலித்தால் நொண்டுவோம், நொண்டினால் பார்ப்போம். வலிக்காவிட்டால் யார் பார்ப்பது?

நல்ல வேளை, விரல் எடுக்கிற அளவுக்குப் போகவில்லை. ஐந்து வாரம் கட்டுப் போட்டு ஆறியது. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர். எல்லாருக்கும் கால் மரத்துப் போகும் என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை வீட்டில் இந்த மாதிரி ஒரு முள் காத்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்று தனியாக ஒரு திட்டமே அறிவித்தது சும்மா இல்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது மருந்து மட்டும் இல்லை. "இனிமே எம்.சி.ஆர். செருப்புதான் போடணும்" என்றார்கள்.

வேலூரில் வளர்ந்த செருப்பு

எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கும். அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும். நம் உடம்பு எடை பாதத்தின் ஒரே இடத்தில் விழாமல் பரவும். அதன் அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். பின்னால் கழன்று போகாமல் இருக்க ஒரு வார். ஆணி அடிக்க மாட்டார்கள், ஒட்டியும் தைத்தும்தான் செய்வார்கள். ஏனென்றால் ஆணி கிளம்பினால் அதுவே முள்ளாகிவிடும்.

இந்தச் செருப்புக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. அதைத் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914-ல் பிறந்தது நம்ம கொல்லிமலையில்! பெரம்பலூரிலிருந்து மேற்கே பார்த்தால் பச்சைமலை, அதைத் தாண்டினால் கொல்லிமலை. ஒரு வகையில் பக்கத்து ஊர்க்காரர். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரலும் பாதமும் தானாக அழுகி விழுகிறது என்று அன்றைக்கு எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் உற்றுப் பார்த்துச் சொன்னார்: நோய் தின்பது நரம்பை. வலி தெரியாததால் கல்லும் முள்ளும் நெருப்பும் பட்டுக் கால் போகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? காலைக் காப்பாற்ற நல்ல செருப்பு வேண்டும். அவரும், வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் அவரோடு இருந்தவர்களும் 1950, 60-களில் பலவிதமான பொருள்களைச் சோதித்துப் பார்த்து இந்த மெத்து ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதே செருப்பு, அதே காரணத்துக்காக வந்தது.

பாருங்கள், காலுக்கு இதமான செருப்பு என்று இன்று உலகம் முழுக்க விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் கேள்வியை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதர்களுக்காக நம் தமிழ்நாட்டில் அன்றைக்கே கேட்டுவிட்டார்கள்!

கட்டிலுக்கு அடியில்

செருப்பு வீட்டுக்கு வந்தது. கருப்பு நிறம், அகலமான வார், வெல்க்ரோ ஒட்டு. அப்பா ஒரு நாள் வீட்டுக்குள் போட்டுப் பார்த்தார். "மெத்துன்னு இருக்கு" என்றார். மறுநாள் காலையில் டீக்கடைக்குக் கிளம்பும்போது காலில் பழையபடி ரப்பர் செருப்பு.

"ஏம்பா, அதப் போட்டுக்கப்பா" என்றேன்.

"இதப் போட்டுட்டுப் போனா பாக்குறவன் என்னைய என்னன்னு நெனைப்பான்? ஒரு மாதிரி பாப்பான்மா."

எனக்கு அப்போது வந்த கோபம் சொல்லி மாளாது. கால் போனால் மட்டும் பார்க்கிறவன் நல்லபடியாகப் பார்ப்பானா என்று கத்தினேன். அம்மாவும் கத்தினார். அப்பா பேசாமல் போய்விட்டார். செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

பிறகு யோசித்துப் பார்த்தால், தங்க நிற வாரில் நான் பட்ட பாடும் அப்பாவின் பிடிவாதமும் ஒன்றுதான். இரண்டு பேருமே பார்க்கிறவர்களுக்காகச் செருப்பைத் தேர்ந்தெடுத்தோம். எனக்கு வந்தது கொப்புளம். அவருக்குப் பாதமே போயிருக்கும். அந்தக் கருப்புச் செருப்பைப் பல வருடம் ஊர் தொழுநோயின் அடையாளமாகத்தான் பார்த்தது. அதனாலேயே அதை வாங்கியும் போடாதவர்கள் நிறையப் பேர் என்று அங்கே செருப்பு அளவெடுத்தவரே சொன்னார். நோயை ஊருக்கு அறிவிக்கிற செருப்பை யார்தான் ஆசையாகப் போடுவார்கள்?

செருப்பு நம் ஊரில் எப்போதுமே வெறும் செருப்பாக இருந்ததில்லை நண்பர்களே. யார் போடலாம், எந்தத் தெருவில் போடலாம் என்பதற்கே சண்டை நடந்த மண் இது. எங்கள் தாத்தா காலத்தில் சில தெருக்களைக் கடக்கும்போது சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில், அதுவரை செருப்புப் போட்டு நடக்க விடாத ஒரு தெருவில் தலித் மக்கள் 60 பேர் செருப்பு அணிந்து நடந்து காட்டியது செய்தியாக வந்தது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் தனியாக எழுத வேண்டியிருந்தது. சட்டத்தில் செருப்பு என்ற சொல் வரும் அளவுக்கு அது மரியாதையோடு சம்பந்தப்பட்ட பொருள்.

அதனால்தான் சொல்கிறேன், "செருப்புல என்ன அழகு வேண்டிக்கிடக்கு, காலுக்கு நல்லதா இருந்தாப் போதாதா?" என்று சுலபமாகக் கேட்டுவிடக் கூடாது. போதாது. தலை நிமிர்ந்து நடக்க முடிகிற செருப்புதான் காலில் தங்கும்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

அப்பாவைத் திட்டுவதை நிறுத்திவிட்டுச் செருப்பை மாற்ற முடிவு செய்தோம். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "உள்ளே எம்.சி.ஆர். இருக்கணும், அடி கெட்டியா இருக்கணும், பின்னால வார் இருக்கணும், விரலுக்கு நடுவுல வார் கூடாது, உள்ள தையலோ ஆணியோ உறுத்தக் கூடாது. மத்தபடி மேல என்ன கலர்ல இருந்தா என்ன?" என்றார்கள். அட, இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே!

நாற்பது வருடமாகச் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவரிடம் போனோம். ஒரு காலத்தில் டயர் செருப்புக்கு அவரிடம் கூட்டம் நிற்குமாம். பழைய லாரி டயரை வெட்டிச் செய்வார்கள். எந்த முள்ளும் ஏறாது, ஆனால் கனம். அவர் எம்.சி.ஆர். அட்டையை வைத்து, அடியில் கெட்டி ரப்பர் போட்டு, மேலே காப்பிக்கொட்டை நிறத்தில் மெதுவான தோலில் இரண்டு பட்டை வார் தைத்துக் கொடுத்தார். வெல்க்ரோ வெளியே தெரியாமல் பக்கிள் மாதிரி மறைத்திருந்தார். அதை ஆஸ்பத்திரியில் காட்டிச் சரி என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் அப்பாவிடம் கொடுத்தோம்.

வெள்ளை வேட்டிக்குக் கீழே அந்தச் செருப்பு... நானே சொல்கிறேன், அப்பா ஸ்டைலாகத்தான் இருந்தார்! மறுநாள் டீக்கடையில் ஒருவர், "எங்கண்ணே வாங்குனீங்க? நல்லா இருக்கே" என்று கேட்டாராம். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்த நடையே வேறு.

நீங்கள் வாங்கும்போது

இனி உங்களுக்கு. நான் சூடுபட்டுக் கற்றுக்கொண்டவை இவை.

சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். காலையில் சரியாக இருக்கிற செருப்பு மாலையில் கடிக்கும்.

இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள்ளேயே பத்தடி நடங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பாதமும் ஒரே அளவு இருக்காது. பெரிய காலுக்குத் தகுந்த மாதிரி எடுங்கள்.

நம்பரை நம்பாதீர்கள். நாம் சொல்கிற 6, 7, 8 எல்லாம் பிரிட்டிஷ் அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம். அகலத்தைப் பற்றி அது பேசுவதே இல்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட நம் பாதம் அகலம் என்று தெரிய வந்தது. அதனால் இந்தியாவுக்கென்று 'பா' என்ற தனி அளவு முறையைப் பரிந்துரைத்தார்கள். இத்தனை நாளும் "என் கால்தான் கோணல்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோணல் என் காலில் இல்லை, அளவில்! அகலம் போதாமல் ஒரு நம்பர் கூட வாங்கினால் நீளம் அதிகமாகி, நடக்கும்போது செருப்பு தடுக்கும். ஆகவே அகலமான முன்பக்கம் உள்ள மாடலாகத் தேடுங்கள்.

குதிகால் செருப்புக்கு வெளியே தொங்கக் கூடாது. முன்னால் பெருவிரலுக்கு அப்பால் அரை விரல்கடை இடம் இருக்க வேண்டும்.

இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுப்பாதத்தில் துணி மாதிரி மடங்கினால் அந்தச் செருப்பு காலைத் தாங்காது.

வீட்டுக்குள்ளும் பளிங்குத் தரையிலும் நடக்க மெதுவான நுரைச் செருப்பு சுகம்தான். கொல்லைக்கும் காட்டுப் பாதைக்கும் அது வேண்டாம். எந்த நிறுவனத்தின் நுரைச் செருப்பானாலும் கருவேல முள்ளுக்கு அது வெண்ணெய்.

போடும்போது

எல்லா உடைக்கும் தனித்தனிச் செருப்பு வாங்க நம்மால் முடியாது. ஒரே ஒரு நல்ல ஜோடி என்றால் காப்பிக்கொட்டை நிறம் எடுங்கள். வேட்டி, ஜீன்ஸ், சுடிதார், புடவை என எதற்கும் ஒத்துப்போகும். சாக்கடைத் தண்ணியும் செம்மண்ணும் பட்டாலும் சட்டென்று தெரியாது.

புடவைக்கும் பாவாடைக்கும் உயரம் வேண்டுமென்றால் ஊசிக் குதிகால் வேண்டாம். அடி முழுக்கச் சமமாக உயர்ந்த மாடல் இருக்கிறது. உயரமும் கிடைக்கும், கணுக்காலும் பிசகாது. இதை நான் ஆண்டு விழாவுக்கு முன்னால் தெரிந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது!

புதுச் செருப்பை விழா நாளில் முதன்முதலாகப் போடாதீர்கள். முந்தைய வாரமே தினமும் ஒரு மணி நேரம் வீட்டில் போட்டுப் பழக்குங்கள்.

பின்வார் வைத்த செருப்பில் பின்வாரை மிதித்துச் செருப்பாக மாற்றிப் போடும் பழக்கம் நமக்கு உண்டு. அது பார்க்கவும் நன்றாக இல்லை, காலுக்கும் பிடிமானம் இல்லை.

இன்னொன்று. செருப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பித்தவெடிப்பும் அழுக்கு நகமும் தெரிந்தால் எல்லாம் போச்சு. இரவில் கால் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, குதிகாலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காசில்லாத ஸ்டைல் இதுதான்.

எறையூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் ஒரு வார்த்தை

உலகத்தின் காலுக்கெல்லாம் நம் ஊரில் செருப்பு தைக்கப் போகிறார்கள். சந்தோஷம். எங்கள் தெரு அக்காமார் கையில் மாதச் சம்பளம் பார்க்கிறார்கள், அதுவும் சந்தோஷம். என் ஆசை ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் படகில் போகிறவனின் காலைப் பற்றி யோசித்து ஒரு செருப்பு வந்த மாதிரி, சோளக்கொல்லைக்குப் போகிற சர்க்கரைக்காரரின் காலைப் பற்றி யோசித்தும் ஒரு செருப்பு வரட்டும். முள் ஏறாத அடி, மெத்தென்ற உள்பக்கம், நம் அகலம், நாலு நிறம், வாங்கக்கூடிய விலை. கொல்லிமலையில் பிறந்தவர் கேட்ட கேள்வி இது. இத்தனை இயந்திரமும் இத்தனை கைகளும் வந்த பிறகு பதில் இந்தப் பக்கத்திலிருந்தே வந்தால் என்ன?

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்றைக்கு இரவு சாப்பிட்ட பிறகு வாசலுக்குப் போய் உங்கள் அப்பா, அம்மா செருப்பைத் திருப்பி வைத்துப் பாருங்கள். அடி தேய்ந்திருக்கிறதா? முள் இருக்கிறதா? உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஏதாவது உறுத்துகிறதா? சர்க்கரை இருந்தால் பாதத்தையும் பாருங்கள். சின்னப் புண்ணானாலும் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது தினமும் இரவு எட்டு மணிக்கு இது என் வேலை. அப்பா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார். நான் செருப்பைத் திருப்பிப் பார்ப்பேன். நேற்று ஒரு முள் இருந்தது. அடியிலேயே ஒடிந்து நின்றிருந்தது, மேலே ஏறவில்லை.

"பாத்தியா பாப்பா, என் செருப்பு எப்படி?" என்றார் அப்பா, ஏதோ அவரே தைத்த மாதிரி!